கருஞ்சாம்பல் டாங்கிக்கு வண்ணம்

அன்புள்ள செழியனுக்கு,

நீ செய்த டாங்கி மாடலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பீரங்கிக் குழாயில் இரண்டு பாதிகளும் சேரும் கோடு கண்ணில் படவே இல்லை. நீ கேட்டது வண்ணத்தைப் பற்றித்தான். புட்டியில் 'ஜெர்மன் கிரே' என்று எழுதியிருக்கிறது, அடித்து முடித்ததும் வண்டி ஏன் கரிக்கட்டையாக நிற்கிறது என்கிறாய். கொஞ்சம் உன் கேமராவின் வேலையும் உண்டு. பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் கேமரா அந்த வெள்ளைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும், சாம்பல் கறுப்பாகிவிடும். வெளிர்சாம்பல் அட்டையை வைத்து எடுத்துப் பார், பாதி வித்தியாசம் அங்கேயே தெரியும். மீதிப் பாதிதான் வண்ணக் கணக்கு.

புட்டி பொய் சொல்லவில்லை. அந்த நிறம் அசல் வண்டிக்குச் சரி. ஆனால் நீ செய்திருக்கும் பான்சர் த்ரீ என்ற ஜெர்மன் டாங்கியின் அசல் சுமார் ஐந்தரை மீட்டர் நீளம், திறந்த வானத்தின் கீழ் நிற்பது. 1/35 அளவில், அதாவது முப்பத்தைந்தில் ஒரு பங்காக, அது 16 சென்டிமீட்டர்கூட இல்லை, நீ பார்ப்பதோ மேசை விளக்கில். தூரத்தில் நிற்கும் பொருளின் நிறம் காற்றிலும் தூசியிலும் வெளிறித் தெரியும். சின்ன மாடலைக் கையில் வைத்துப் பார்ப்பதும் பெரிய வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றுதான். அதனால் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் மாடலில் அது கூடுதல் இருட்டாகத்தான் தெரியும். மஞ்சள், பச்சை வண்டிகளில் இந்தத் தவறைக் கண் மன்னித்துவிடும். கருஞ்சாம்பல் மன்னிக்காது. ஏற்கெனவே இருட்டான நிறத்தில், தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் நிழலும் கதவின் இடுக்கும் விழுந்தாலும் தெரிய இடமில்லை.

எந்த வண்டிக்கு இந்த நிறம் என்பதையும் தெரிந்துகொள். ஜெர்மன் நிறப்பட்டியலில் இப்போது ஆர்ஏஎல் 7021 என்கிறோமே, பழைய பட்டியலில் அதன் எண் 46. 1937 முதல் ஜெர்மன் வண்டிகளுக்கு இரட்டை நிறம். மூன்றில் இரண்டு பங்கு கருஞ்சாம்பல், ஒரு பங்கு கரும்பழுப்பு. 1940 நடுவில் பழுப்பை விட்டுவிட்டு முழுச் சாம்பல் என்று உத்தரவானது. 1943 பிப்ரவரியில் கருமஞ்சள் அடிப்படை நிறமானது. உன் பெட்டியில் 1941 கோடை, கிழக்குப் போர்முனை என்று போட்டிருப்பதால் முழுச் சாம்பல் சரி. நாளைக்கு 1939 போலந்து வண்டி செய்தால் பழுப்பும் வேண்டும், சிலுவைக் குறியும் முழு வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த வெள்ளை எதிரி பீரங்கிக்குக் குறிபார்க்க வசதியாகப் போனதால் பிறகு வெறும் வெள்ளை ஓரக்கோடாகக் குறைத்தார்கள்.

இப்போது வண்டியைக் கழுவி வண்ணத்தை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணா. அடித்த இருட்டுப் பூச்சு நமக்கு இலவசமாகக் கிடைத்த நிழல் அடுக்கு. அதன்மேல் வெளிர் கலவையை மூடுபனி போல மெல்லிசாகப் போட்டால் இடுக்குகளில் இருட்டு தங்கும், தகடுகளின் நடுவில் வெளுப்பு ஏறும்.

டாமியா கம்பெனி வண்ணம் வைத்திருக்கிறாய் என்றால் கலவை இப்படி. எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே ஏழு துளி, எக்ஸ்எஃப்-66 வெளிர்சாம்பல் இரண்டு துளி, எக்ஸ்எஃப்-18 நடுநீலம் ஒரு துளி. வெளுக்க வெள்ளையைச் சேர்க்காதே. வெள்ளை சேர்ந்த சாம்பல் சுண்ணாம்பு பூசியது போல உயிரில்லாமல் போகும். வெளிர்சாம்பலைச் சேர்த்தால் அந்தக் கெடுதல் வராது. நீலம் ஒரு துளிக்கு மேல் போகக் கூடாது. சிலர் பான்சரை நீலச்சாம்பலாகவே அடிப்பார்கள், எனக்கு அது கப்பல் மாதிரி இருக்கிறது. 1/72 அளவில் செய்தால் வெளிர்சாம்பலை மூன்று துளியாக்கு, 63-ஐ ஆறாகக் குறை. இரண்டாவது அடுக்குக்கு இதே கிண்ணத்தில் இன்னும் இரண்டு துளி வெளிர்சாம்பல் விட்டு, மேல்நோக்கிய தகடுகளின் நடுவிலும் பீரங்கி பொருத்திய சுழல் கூண்டான டரெட்டின் கூரையிலும் கதவுகளிலும் மட்டும் அடி. அடுக்குகளுக்கு நடுவே வித்தியாசம் ஈரத்தில் தெரியாது, காய்ந்ததும் தெரியும். ஈரத்தில் தெரியும் அளவுக்கு வித்தியாசம் போட்டால் காய்ந்தபின் கட்டம் கட்டமாக நிற்கும்.

வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் எக்ஸ்-20ஏ, வண்ணத்துக்குச் சம அளவு முதல் ஒன்றரை மடங்கு வரை. வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், தகட்டிலிருந்து ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். பரப்பு சொரசொரப்பாகத் தூள் படிந்தது போல வந்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது என்று அர்த்தம். கையைக் கிட்டே கொண்டு போ, அல்லது தின்னரைக் கூட்டு. வண்ணம் சிலந்திக் கால்களாகப் பரவி ஓடினால் அதற்கு நேர்மாறு, அழுத்தத்தைக் குறை, கொஞ்சம் விலகு. வலேஜோ என்ற இன்னொரு கம்பெனி வண்ணத்தை டாமியா தின்னரில் கரைக்காதே. அது தண்ணீர்ச் சேர்மானம், ஆல்கஹால் பட்டால் திரிந்து நாசிலை அடைத்துவிடும். அதற்கு அதன் தின்னர்தான். முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம், இதை நான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன்.

சக்கரங்களைக் கழற்றித் தனியாக அடி. ஒரு பக்கத்துக்கு ஆறு ஓட்டச் சக்கரம், மேலே மூன்று சிறு உருளை, முன்னால் பல்சக்கரம், பின்னால் டிராக் என்ற சங்கிலிப் பட்டையை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம். ஓட்டச் சக்கரத்திலும் சிறு உருளையிலும் ரப்பர் உண்டு, மற்ற இரண்டிலும் கிடையாது. உன் படத்தில் ரப்பரும் தகடும் ஒரே கறுப்பு. கருஞ்சாம்பல் வண்டியில் இது பெரிய இழப்பு. ரப்பருக்குப் பழுப்பு சாய்ந்த கறுப்பு அடி, எக்ஸ்எஃப்-85 போதும். வண்டிச் சாம்பல் குளிர்ந்த நிறம், ரப்பர் சற்றே வெதுவெதுப்பு. இருட்டின் அளவு ஒன்றாக இருந்தாலும் நிறம் பிரிந்து தெரியும்.

இந்தச் சூத்திரத்தைத்தான் வண்டி முழுக்க விரிக்கப் போகிறாய். இருட்டு வண்டியில் இன்னும் இருட்டு சேர்த்து விவரம் எடுக்க முடியாது. நிறத்தை மாற்றித்தான் எடுக்க முடியும். அதனால்தான் சாம்பல் வண்டிக்குக் கறுப்பு வாஷ், அதாவது இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணம், போடாதே என்கிறேன். போட்டால் இடுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தகடும் அழுக்காகும், விவரம் தெரியாது. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தில் மிளகளவு கறுப்பு கலந்து எடுத்துக்கொள். முதலில் அட்டைத் துண்டின்மேல் ஒரு மணி நேரம் வை, எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும், காய்ந்தபின் பளபளக்காது. பிறகு ஒன்றுக்கு ஒன்பது பத்துப் பங்கு வொயிட் ஸ்பிரிட், அதாவது எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம், விட்டுக் கரை.

வாஷுக்கு முன் இரண்டு வேலை. அடிப்பூச்சு குறைந்தது ஒரு நாள் காயட்டும். பிறகு பளபளப்பு வார்னிஷ், எக்ஸ்-22 மெல்லிசாக இரண்டு தடவை. அதன்மேல்தான் டெக்கால், அதாவது சிலுவை போன்ற குறிகளின் மெல்லிய ஒட்டுப்படம். பளபளப்பில்லாத மேட் பரப்பின்மேல் டெக்காலை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும், சிலுவையைச் சுற்றி ஒரு கண்ணாடிச் சதுரம் தெரியும். கருஞ்சாம்பலில் அது பத்தடி தூரத்தில் தெரியும். டெக்காலைப் படியவைக்கும் திரவங்கள் இரண்டு உண்டு: மைக்ரோ செட் தடவி ஒட்டு, மேலே மைக்ரோ சால் தடவு. சால் பட்டதும் டெக்கால் சுருங்கி நெளியும், பதறித் தொடாதே, தானாகவே படிந்துவிடும். இன்னொன்று: வார்னிஷ் போட்டதும் சாம்பல் மறுபடி கறுத்துவிட்டது போலத் தோன்றும். பளபளப்பு நிறத்தை ஆழமாக்கிக் காட்டும், மேட் வெளுத்துக் காட்டும். கடைசி மேட் வார்னிஷ் காயும் வரை நிறத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதே.

வாஷைத் தகடு முழுக்கத் தடவுவதில்லை. நுனி கூரான பிரஷால் ரிவெட்டின் காலில், கதவின் விளிம்பில், தகடு சேரும் கோட்டில் தொட்டால் போதும், அதுவாக ஓடும். கால் மணி நேரம் கழித்து, வொயிட் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வற்றவைத்த பிரஷால் மேலிருந்து கீழாக இழு. பிரஷில் ஈரம் அதிகமிருந்தால் காய்ந்தபின் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில், குறிப்பாகச் சக்கர அச்சுகள் இறுக்கமாகச் சொருகிய இடத்தில், வொயிட் ஸ்பிரிட் தேங்கினால் பிளாஸ்டிக் வெடித்து அச்சு முறியும். மாடலில் சக்கரம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மட்டும் குறைவாகத் தொடு.

உரசல் அடையாளங்களுக்கு வெள்ளி வண்ணத்தை எடுக்காதே. கவசத் தகட்டில் வண்ணம் உதிர்ந்தால் இரும்பு சீக்கிரமே பழுப்பேறிவிடும். கடற்பஞ்சுத் துண்டைக் கிள்ளி, முதலில் வெளிர்சாம்பலைத் தொட்டு, தாளில் ஒற்றி ஒற்றி வற்றவைத்த பிறகு கதவு விளிம்பிலும் மட்கார்டின் முன்மூலையிலும் தட்டு. அந்தப் பொட்டுகளில் பெரியவற்றின் உள்ளே மட்டும் கரும்பழுப்பை நுனிப்பிரஷால் நிரப்பு. மேலுரசல் வெளிர், ஆழ உரசல் பழுப்பு. ஆட்கள் ஏறி இறங்கும் இடம் எது என்று யோசித்து அங்கே மட்டும் போடு. வண்டி முழுக்கத் தூவினால் அம்மை வார்த்தது போலிருக்கும். கதவுப் பிடிகளில் 6பி பென்சில் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

கோடாரி, மண்வெட்டி இவற்றின் மரப்பிடிகளைத் துணிந்து வெளிர் மரநிறத்தில் அடி. ஒரே நிற வண்டியில் கண் இளைப்பாறுவது அங்கேதான்.

இனி மேட் வார்னிஷ். ஈரக்காற்றுள்ள நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதே, வெண்மையாகப் பனி பூத்துவிடும், கருஞ்சாம்பலில் அதை மறைக்கவே முடியாது. தூசி இதற்குப் பிறகுதான். தூசிக்காகத் தூவும் பிக்மென்ட் பொடியின்மேல் வார்னிஷ் அடித்தால் தூசி காணாமல் போகும். எக்ஸ்எஃப்-57 பஃப் என்ற வெளிர் மண்நிறம் ஒரு பங்கு, தின்னர் ஒன்பது பங்கு, கீழ் உடலிலும் மட்கார்டின் கீழும் இரண்டு மூன்று தடவை. பிறகு மண்நிற பிக்மென்ட் தூவி வொயிட் ஸ்பிரிட்டை ஓரத்தில் தொட்டு ஓடவிடு. ஈரத்தில் எல்லாம் மறைந்து கறுப்பாகும், மேலே இன்னும் தூவத் தோன்றும். தூவாதே. காய்ந்ததும் முன்னைவிட வெளிறி எழும்.

டிராக்கைக் கடைசியில் மாட்டு. கரும்பழுப்பு அடி, ஆரஞ்சுத் துரு வேண்டாம். ஓடும் வண்டியின் டிராக்கில் அது நிற்காது. தரையில் படும் முகட்டிலும் பல்சக்கரத்தின் பல்லிலும் பென்சிலைத் தேய். டிராக்கின் உள்பக்கத்தில் ரப்பர் உருளும் இரண்டு பட்டைகள் மட்டும் வழவழப்பாக மின்னும், நடுவில் நிற்கும் வழிகாட்டிப் பற்களின் பக்கவாட்டும் தேய்ந்திருக்கும். மேலே தொங்கும் டிராக் சிறு உருளைகளைத் தொட்டு உட்கார வேண்டும். அந்தரத்தில் நின்றால் உருளையில் ஒரு பொட்டுப் பசை வைத்து, காயும் வரை பஞ்சை மடித்து மட்கார்டுக்கும் டிராக்குக்கும் நடுவே செருகி வை.

அன்புடன்,
அம்மா