பட்டாசுச் சத்தத்தில் போன பதில்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகளின் செல்போனில் 'மாங்கா' எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளில் பள்ளிக் காதல் கதைகளைப் பார்க்கப் போய், இப்போது அவளைவிட நான்தான் அதில் கிடக்கிறேன். அங்கே பிப்ரவரி 14 அன்று பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள். பையன்களின் பதில் மார்ச் 14-ல். அந்த ஒரு மாதத் தவிப்பை வரைவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளியில் அவன் செருப்பு வைக்கும் அலமாரியில் கடிதத்தை வைக்கும் விரல் நடுங்குவதற்கே ஒரு முழுப் பக்கம்!

எரிச்சலும் அதில்தான். அவன் காதலைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துத் திருவிழாப் பட்டாசு வெடிக்கும், அவளுக்குக் காது கேட்காது. அப்புறம் எவளாவது பழைய தோழி வந்து நிற்பாள். மாத இதழில் வரும் தொடர் என்றால் இழுக்கத்தானே செய்வார்கள். 'கிமி நி தோடோகே' என்ற தொடர் 2005-ல் தொடங்கி 2017-ல்தான் முடிந்தது, 30 தொகுதிகள். 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையேறிக் கிடக்க, என் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து, "இன்னுமா சொல்லல?" என்கிறார்.

சரி, உங்கள் ஞாயிறு இணைப்பில் இவற்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாமே.

- ஒரு வாசகி, தங்கச்சிமடம்