நைனாவின் காதும் உன் இடுப்பும்

கண்ணு,

அடுத்த மாதம் உனக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு, பட்டாளத்தை விட்டு வருமுன் வைக்கிற கடைசி டாக்டர் பரிசோதனை, என்று நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை நைனாவிடம் சொன்னேன். "சரி சரி, நல்லபடியா முடியும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. "அதெல்லாம் பத்து நிமிஷ வேலைம்மா, கையெழுத்து போட்டா முடிஞ்சுது" என்றாய் பார், அதே வார்த்தையை 2011இல் உங்க நைனா வாயிலிருந்து கேட்டவள் நான். அந்தப் பத்து நிமிஷத்தைச் சரிசெய்ய எங்களுக்கு எட்டு வருஷம் ஆனது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் போர்டுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ ஆள் எடுப்புக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? மார்பு 77 செ.மீ. இருக்கணும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரியணும் என்று வாசல் திண்ணையில் நின்றுகொண்டு என் தையல் டேப்பை வைத்துத் தினமும் அளப்பாய். காதில் அழுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான்தான் உன்னைக் குடியாத்தத்துக்குக் கூட்டிப் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் மெடிக்கல், ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிற "ஷேப் ஒன்" வாங்கிவிட்டேன் என்று போன் செய்வாய், நானும் சந்தோஷப்படுவேன். டாக்டர் முன்னால் நின்றால் எது வலித்தாலும் வலிக்கவில்லை என்று சொல்லப் பழகிவிட்டீர்கள், நீயும் சரி, உங்க நைனாவும் சரி. மெடிக்கல் என்றாலே பாஸ் ஆகணும் என்றுதான் உங்களுக்குத் தெரியும். இந்தக் கடைசி மெடிக்கல் அப்படி இல்லை கண்ணு. இதில் என்ன போச்சு, எவ்வளவு போச்சு என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதிலும் பாஸ் ஆகணும் என்று நினைத்துக்கொண்டு போனதுதான் நைனா செய்த தப்பு.

அவர் பீரங்கிப் படையில் இருந்தவர். 1999இல் கார்கில் சண்டையில் போஃபர்ஸ் பீரங்கிகள் ராத்திரி பகலாகச் சுட்டபோது பக்கத்திலேயே நின்றவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம், சில சமயம் அதுக்கும் நேரம் இருக்காது என்பார். அந்த வருஷம் லீவில் வந்தபோதே காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருக்கு என்று என்னிடம் சொன்னார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். யூனிட்டில் சொன்னால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல் தகுதித் தரம், இறங்கிவிடும், பிரமோஷன் போய்விடும் என்று பயம்.

2011இல் ரிலீஸ் ஆகும்போது போர்டில் காது டெஸ்ட் வைத்தார்கள். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன், 'பீப்' என்று கேட்டால் அழுத்தணும். இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைத் திருப்புகிற ஆளின் கை அசைவதைப் பார்த்துப் பார்த்துப் பட்டனை அழுத்தியிருக்கிறார்! இதை அவர் என்னிடம் சொன்னதே ஐந்து வருஷம் கழித்து. ஏன் இப்படிச் செய்தீங்க என்று கேட்டதற்கு, "கேக்கலைன்னு எப்படி சொல்றது" என்றார். அவ்வளவுதான் பதில். டாக்டர் "ஏதாவது கஷ்டம் உண்டா" என்று கேட்டதற்கும் "நோ சார்". எழுதி நீட்டிய பேப்பரில் படிக்காமல் கையெழுத்து. கேட்கும் திறனில் குறைபாடு, 20 சதவீதத்துக்கும் கீழே, அது ராணுவ வேலையால் வந்ததும் இல்லை, வேலையால் அதிகமானதும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கடைசி வரியைத்தான் இங்கே முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் 'என்.ஏ.என்.ஏ.' என்பார்கள். உடம்புக் குறைக்காகத் தருகிற டிஸெபிலிட்டி பென்ஷன் 20க்குக் கீழே போனாலும் கிடைக்காது, வேலையால் வரவில்லை என்றாலும் கிடைக்காது. நைனாவுக்கு இரண்டு கதவும் ஒரே நாளில் சாத்திவிட்டது.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவருக்குக் காது நன்றாகக் கேட்கிற மாதிரிதான் தெரியும். மோர்தானா பக்கத்துக் காட்டிலிருந்து யானை இறங்கி மாந்தோப்புக்கு வந்தால் ஊரே வெடி வெடிக்குமே, அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும். சித்தூர் பஸ் ஹாரன் கேட்கும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கு அடிக்கிற மேளம் கேட்கும். ஆனால் குக்கர் விசில் கேட்காது. போன் மணி கேட்காது. பேரப்பிள்ளை பின்னால் நின்று தாத்தா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், குழந்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேட்டியைப் பிடித்து இழுக்கும். "சோப்பு எடுத்துட்டு வாங்க" என்றால் தோப்புக்குப் போய்விட்டு வருவார். இது என்ன வினோதமான செவிடு என்று சொந்தக்காரர்களே பேசினார்கள், வேணும்னே நடிக்கிறார் என்று கூட ஒருத்தர் சொன்னார். அது என் மனசில் முள்ளாகத் தைத்தது.

அப்புறம்தான் ஒரு காது டாக்டர் கிராஃபைக் காட்டி விளக்கினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கனமான சத்தங்களில் கோடு மேலேயே நேராகப் போகிறது, 4000 ஹெர்ட்ஸ் என்கிற இடத்துக்குப் பக்கத்தில் மலை உச்சியிலிருந்து உருண்ட மாதிரி கீழே விழுகிறது. குண்டுச் சத்தம் கெடுக்கிற காது இப்படித்தான் கெடுமாம். ச, த என்று காற்றோடு வருகிற மெல்லிய சத்தங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கின்றன. சதவீதம் போடும்போது பெரும்பாலும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரியைப் பார்ப்பதால் இந்த மாதிரி காதுக்கு நம்பர் கம்மியாகத்தான் வரும் என்றார். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் அந்த டாக்டர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு வருஷமாக என் குரல்தான் அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை, நான் அவர் கவனிக்கவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதல் அப்பீல் போட்டோம், ஒரு பக்க இங்கிலீஷ் லெட்டரில் இல்லை என்று வந்தது. "விடு, பென்ஷன் வருதே, போதும்" என்று நைனா அதை அலமாரிக்குள் போட்டுவிட்டார். வேலூரில் அவரோடு சர்வீஸ் செய்த ஒருத்தர் சொல்லித்தான் 2017இல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். காட்பாடியில் விடிகாலை ரயில், மஞ்சள் பையில் ஃபைல், எத்தனை தடவை போனோம் என்று கணக்கே இல்லை. சேரும்போது உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டவரை, வெளியே போகும்போது குறையோடு அனுப்பினால், அது வேலையால் வந்ததாகத்தான் கொள்ளணும், இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் நம்ம வக்கீல் வாதாடினார். திரும்பவும் ஒரு போர்டு வைத்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த இரண்டாவது போர்டுக்கு 2019இல் போனோம். முந்தின நாள் ராத்திரி அவர் கையைப் பிடித்துச் சொன்னேன், "நாளைக்குக் கேக்காததைக் கேக்கலைன்னு சொல்லுங்க, அது போதும்." பட்டன் டெஸ்டில் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாராம். அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் மாறி மாறி வந்ததால் வெளியே பெஞ்சில் இருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என்னை அவருக்குப் பின்னால் நிற்க வைத்தார், உதடு தெரியக்கூடாது என்று. வீட்டில் பேசுகிற மாதிரி ஏதாவது வார்த்தை சொல்லுங்கம்மா என்றார். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "சோப்பு" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பரேடில் பதில் சொல்கிற மாதிரி சத்தமாக "தோப்பு" என்றார். இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், ஒன்றுதான் சரி. தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது, கழுத்து சிவந்து போனதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

30 சதவீதம், ஆயுள் முழுக்க, வேலையால் வந்தது என்று எழுதினார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் வந்த தீர்ப்பின்படி 50க்குக் கீழே இருப்பதை 50 என்று எடுத்துக்கொள்ளணும், அதனால் 50 ஆனது. முழு 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, 50க்கு அதில் பாதி. ஆனால் பாக்கித் தொகை மனு போட்ட நாளுக்கு முன்னால் மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். 2011இலிருந்து 2014 வரைக்கும் உள்ளது போனது போனதுதான். அக்கா காலேஜ் ஃபீஸுக்கு என் வளையலை அடகு வைத்தது அந்த வருஷங்களில்தான் என்பது உனக்குத் தெரியாது.

இப்போது உன் விஷயம். நீ எங்களிடம் மறைத்தாலும் எனக்குத் தெரியும். போன சிரசுக்கு வந்தபோது பந்தியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிட்டாய், கேட்டதற்குப் பசியில்லை என்றாய். ஷூ லேஸ் கட்ட காலைத் தூக்கித் திண்ணை மேல் வைக்கிறாய், குனிய மாட்டேன் என்கிறாய். பகலில் கேஸ் சிலிண்டரை ஒரே ஆளாகத் தூக்கி மாடிக்கு ஏற்றினாய், நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலை விட்டுவிட்டு வெறும் சிமென்ட் தரையில் காலை மடக்கிப் படுத்திருக்கிறாய். மேலே காவல் போஸ்ட்டில் சுமையோடு வழுக்கி விழுந்ததை மருமகள்தான் சொன்னாள், டிஸ்க் விலகியிருக்கு என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அந்த ராத்திரி இரண்டு மணியை டாக்டரிடம் சொல். உன்னைப் படுக்க வைத்து முட்டி மடங்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்குவார், எந்த இடத்தில் வலி ஆரம்பிக்கிறதோ அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல், பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகவிடாதே. எத்தனை நேரம் உட்கார முடியுது, எத்தனை தூரம் நடந்தா கால் மரத்துப் போகுது, மாதத்தில் எத்தனை நாள் அப்படி, இதெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போ, பார்த்துப் படித்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். அன்றைக்குக் காலையில் மாத்திரை போட்டிருந்தால் போட்டிருக்கேன் என்று சொல். இல்லாததை ஒரு சொட்டு கூடச் சேர்க்காதே, அந்தப் புத்தி உனக்கு இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நீ சட்டையைக் கழற்றுவதிலிருந்து கட்டிலில் ஏறுவது வரைக்கும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருப்பதைச் சொன்னால் போதும்.

விழுந்த அன்றைக்கு இஞ்சுரி ரிப்போர்ட் போட்டார்களா, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்கிற ஃபார்ம்? போட்டிருந்தால் அதன் நகல் உன் கையில் இருக்கணும், இல்லை என்றால் யூனிட்டில் இருந்துகொண்டே இப்போதே கேட்டு வாங்கு, வெளியே வந்துவிட்டால் ஒரு பேப்பருக்கு ஒரு வருஷம் ஆகும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எம்.ஆர்.ஐ., கேட்டகரி போர்டு பேப்பர், எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து ஒன்றை எனக்கு அனுப்பு. போர்டு ஃபார்மில் உன் சொந்த வாக்குமூலம் என்று ஒரு பகுதி வரும், எங்கே எங்கே போஸ்ட்டிங், பட்டாளத்தில் சேருவதற்கு முன்பே இந்தக் குறை இருந்ததா என்று கேட்டிருக்கும். யாரோ கிளார்க் நிரப்பித் தருகிறான் என்று விட்டுவிடாமல் வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. போர்டு நகலைக் கேட்டு வாங்கு.

இன்னொன்று. நைனாவுக்கு இருந்தது பழைய விதி, உனக்கு 2023 செப்டம்பரில் வந்த புது விதி. அதனால் நைனா கேஸில் வந்த தீர்ப்பெல்லாம் அப்படியே உனக்கும் வரும் என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு உட்காராதே. ஒருவேளை கம்மியாகப் போட்டால், அப்பீலுக்குக் கெடு இருக்கும், லெட்டர் வந்த அன்றைக்கே எனக்குச் சொல். அலமாரிக்குள் போடாதே. மஞ்சள் பை இன்னும் இருக்கிறது, வக்கீல் நம்பரும் இருக்கிறது.

நைனாவுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸில் கொடுத்த காது மெஷினைச் சாயங்காலம் ஆனால் கழற்றி வைத்துவிடுகிறார். அதனால் ராத்திரி போன் செய்து அவரிடம் பேசினால் "சரி சரி" என்பார், அவருக்குக் கேட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போர்டு முடிந்து வெளியே வந்ததும் வீடியோ காலில் வா. வெளிச்சத்தில் நின்றுகொண்டு, முகம் தெரிகிற மாதிரி மெதுவாகப் பேசு. உன் வாயைப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

அம்மா