நிஸ்வாவிலிருந்து அப்பாவுக்கு

நிஸ்வா, ஓமான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னோடு தங்கியிருக்கும் கம்பத்துக்காரர் லீவில் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா வாங்கிவிடுகிறார். இது உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயமும்கூட.

“நம்ம ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் போட்டது, எடுத்தால் எடுத்தது. உன் வண்டியில் அந்தக் கம்பிக்கு எதற்கு நாலு நிலை?” என்று கேட்டீர்கள். கம்பெனி எனக்குக் கொடுத்திருப்பது 2004 மாடல் பஜேரோ. பெட்ரோல் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். உள்நாட்டில் மலையிலும் பாலைவன ஓரத்திலும் நிற்கும் மொபைல் கோபுரங்களுக்குப் போய் ஜெனரேட்டர் பார்ப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். தார் ரோடு பாதி, மீதி கல்லும் மணலும்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பி. அதில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நாலு நிலை. முதலாவதில் எஞ்சின் இழுப்பது பின் சக்கரங்களை மட்டும், சாதாரண ரோட்டுக்கு. இரண்டாவதுதான் நம் ஜீப்பில் இல்லாதது. நம் வண்டியில் ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும், ஆனால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் அப்படியே வளைத்தால் ஸ்டியரிங் இறுகி, டயர் தேய்ந்து கத்தும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், பூட்டு விடாது, அதனால்தான். பஜேரோவில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். பின் அச்சின் நடுவில் இருக்கும் கிரௌன் பல்சக்கரப் பெட்டி இரண்டு சக்கரத்துக்கும் பங்கு வைப்பதுபோல, இது முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு வைக்கிறது. இழுவையில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால். அதனால் 4எச் போட்டுத் தாரிலும் ஓட்டலாம், மழையிலும் ஓட்டலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 100 கிலோமீட்டர் வேகம் வரை, மாற்றவும் செய்யலாம்.

மூன்றாவது, அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும். அப்போது அது நம் ஜீப்பேதான். மணல், சேறு, உதிரிக் கல்லுக்கு மட்டும். நாலாவது, அதே பூட்டோடு லோ. எஞ்சின் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். இதற்கு மட்டும் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு மாற்ற வேண்டும். மீட்டர் பலகையில் நாலு சக்கரம் வரைந்த ஒரு சின்னப் படம் இருக்கிறது. மாறும்போது விளக்கு மின்னும், பிடித்துவிட்டால் நிலையாக எரியும். மின்னிக்கொண்டே இருந்தால் ஸ்டியரிங்கை நேராக்கி ஆக்ஸிலேட்டரில் காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் பிடித்துவிடும். முன் அச்சை இணைப்பது காற்று உறிஞ்சும் மெல்லிய ரப்பர் குழாய்கள். வயதான வண்டி, இந்த ஊர் வெயில், ரப்பர் காய்ந்து வெடிக்கும். மலைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து அவற்றை விரலால் தடவிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

சரி, ஜெபல் அக்தருக்கு வருகிறேன். பச்சை மலை என்பார்கள். மேலே சைக் சமவெளி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், ஏப்ரலில் ரோஜா பூத்துப் பன்னீர் காய்ச்சுவார்கள், மாதுளையும் உண்டு. அடிவாரத்தில் பிர்கத் அல் மவ்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் போலீஸ் நிறுத்தி, ஃபோர் வீல் வண்டியா என்று பார்த்துத்தான் மேலே விடுவார்கள். தார் ரோடுதான், அகலமான ரோடுதான். பிறகு எதற்கு இந்தக் கெடுபிடி என்றால், இறக்கத்துக்காக. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளை கொட்டிய மேட்டுப் பாதைகள் போட்டிருக்கிறார்கள்.

இங்கே பலர் இறங்கும்போது லோ போட்டுவிடு என்று சொல்கிறார்கள். இந்த வண்டியில் அது சரியில்லை என்பது என் தீர்மானம். லோ என்றாலே நடுப்பூட்டும் சேர்ந்து விழும். காய்ந்த தாரில், வளைவுக்கு வளைவு, எல்லாப் பாரமும் பல்சக்கரங்கள் மேல்தான் ஏறும். நான் 4எச்சில் வைத்து, கியரை இரண்டுக்கோ ஒன்றுக்கோ இறக்கி, எஞ்சின் பிடியில்தான் இறங்குகிறேன். வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுவேன், காலை அதன் மேலேயே வைத்திருப்பதில்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்று போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் சொன்னது இதுதானே அப்பா. ஏலத் தோட்டத்து ஆட்களோடு நெருக்கியடித்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது, இங்கே ஒவ்வொரு இறக்கத்திலும் கைகொடுக்கிறது.

மணல் வேறு கணக்கு. மணல்காட்டு ஓரத்து ஊரான பிதியாவில் தார் முடியும் இடத்திலேயே வண்டிகள் வரிசையாக நின்று காற்று இறக்கும். 32 பி.எஸ்.ஐ. காற்றில் இருக்கும் டயரை 16, 18க்குக் கொண்டுவருவோம். வால்வை அழுத்திக் குந்தியிருக்கும்போது டயர் மெல்ல அமர்ந்து ஒட்டகத்தின் பாதம்போலப் பரவுவது கண்ணுக்கே தெரியும். காற்று இறக்காதவனுக்கு எந்த நிலை போட்டும் பயனில்லை. அப்புறம் 4எச்எல்சி, மணலில் கால் வைப்பதற்கு முன்பே. சிக்கின பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள்தான் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். சீரான ஓட்டம் வேண்டும், நிறுத்துவதென்றால் சரிவு பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மேட்டில் இறங்கும்போது நேராக இறங்க வேண்டும், குறுக்கே போனால் உருண்டுவிடும். சக்கரம் சுழன்று புதைய ஆரம்பித்தால் உடனே காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வர வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழேதான் போகும். அதற்கும் வராவிட்டால்தான் மணலைத் தோண்டிவிட்டு லோ. ஒற்றை வண்டியாக நாங்கள் போவதே இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தண்ணீர், கயிறு, காற்றடிக்கும் பம்பு எல்லாம் எப்போதும் வண்டியில் இருக்கும்.

பழைய லேண்ட் குரூசர் பிக்கப்பில் ஆடு ஏற்றிக்கொண்டு பெதுவின் என்கிற பாலைவன நாடோடி இனத்துப் பெரியவர்கள் அந்த மணலில் ஓட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். நின்று கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்து, எந்தப் பக்கம் மணல் இளகியிருக்கிறது என்று கையால் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

வாதி என்கிற காட்டாறு மட்டும் எனக்குப் பயம். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீராக வரும். ஃபோர் வீல் இருக்கிறதென்று அதில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வண்டி மிதந்துவிட்டால் நாலு சக்கரத்துக்கும் பிடிக்கத் தரை ஏது? சட்டப்படியும் குற்றம். நான் கரையில் நிறுத்தி, வடியும்வரை காத்திருப்பேன். வேலை தாமதமானால் ஆகட்டும்.

நம் ஜீப் இப்போது அதிகம் ஓடுவதில்லை என்று தங்கச்சி சொன்னாள். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவை மண் பாதையில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், முன் கிரௌனில் ஆயில் ஓடினால்தான் சீல் காயாது. ஆயில் மாற்றவும் சேர்த்து இந்த மாதம் பணம் அனுப்பியிருக்கிறேன். கம்பத்துக்காரரிடம் பன்னீர் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன், ஒன்று அத்தை வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை போன் பண்ணுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்