பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்களாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மா நன்றாக இருக்கிறாள். போன வாரம் மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம், டாக்டர் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார், அவ்வளவுதான். நீ நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. சமையலை நானும் அப்பத்தாவும் பார்த்துக்கொள்கிறோம், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ வார்டன் போனில் பேசியபோது எந்த இன்ஜினீயரிங் காலேஜ் என்று கேட்டேன், "பார்க்கலாம்ப்பா" என்றாய். பொங்கல் லீவிலும் இதையேதான் சொன்னாய். ஆனால் அத்தையிடம் மட்டும் காரைக்குடியே போதும், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாய். அத்தையிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்ல வரவில்லை. சரி, அதை விடு. அரையாண்டில் கணக்கில் நீ வாங்கிய மார்க்கை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு நான் யார் யாரிடம் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது.

அப்பத்தாவின் ஆதார் நகலைத் தேடும்போது உன் அலமாரியில் அந்த நீல அட்டை நோட்டு கைக்கு வந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் காலேஜ்களை வரிசையாக எழுதியிருக்கிறாய். முதல் வரியில் காரைக்குடி அழகப்பா காலேஜ், பேனாவில். அதன் அடியில் பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்த தடம், அந்த இடத்தில் மட்டும் தாள் நைந்து மெலிந்து போயிருக்கிறது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன், 1 என்று ஒரு எண், பக்கத்தில் ஈசிஇ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் டீக்கடையில் உன் பழைய கணக்கு சாரைப் பார்த்துக் கேட்டேன். இன்ஜினீயரிங் சேர்க்கைக் கவுன்சிலிங்கில் ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு, 1 என்றால் சென்னையில் இருக்கிற கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ், ஈசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் படிப்பு என்றார். அந்தக் காலேஜ் 1794இல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்ததாம்.

அப்புறம் சார் நிறையச் சொன்னார், உனக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நாம் கொடுக்கிற பட்டியலை மேலிருந்து கீழேதான் பார்ப்பார்கள். உன் ரேங்க் வரும்போது முதல் வரியில் இடம் இருந்தால் அது, இல்லாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. பெரிய காலேஜை மேலே எழுதிவிட்டதால் கீழே இருப்பது கையை விட்டுப் போய்விடாது. ஆனால் காரைக்குடியை முதலில் எழுதி அங்கே இடமும் இருந்தால் அதோடு நின்றுவிடும், அடுத்த வரியை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் எது கிடைக்கும் என்று பார்த்து எழுதாதே, எது வேண்டும் என்று பார்த்து எழுது. கணக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதியாக இன்னொரு 100, ஆக 200க்குக் கட் ஆப் மார்க், அதை வைத்துத்தான் ரேங்க். கெமிஸ்ட்ரியில் கொஞ்சம் இறங்கியிருக்கிறாய், அதைப் பார்த்துக்கொள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே, சாப்பாட்டை விடாதே.

அழகப்பாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1952இல் தொடங்கிய காலேஜ், இப்போது அரசுக் காலேஜ், நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள்தான். உனக்குப் பிடித்து எழுதினால் நானே வந்து சேர்த்துவிடுவேன். சாயங்காலம் வந்து அடுப்பைப் பற்றவைக்க வசதி என்று எழுதினால் அது எனக்குச் சம்மதம் இல்லை.

பணம் ஒரு காரணம் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு, 2021இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டுகிறது. நீ இப்போது தங்கிப் படிக்கிற 'மாதிரிப் பள்ளி'யும் அரசுப் பள்ளிதான், அதனால் சிக்கல் இல்லை. எட்டாவது வரை நம்மூரில் படித்ததற்கான சான்றை நான் வாங்கி வைக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கே வரும். அதை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லக் கூடாது, அது உன் செலவுக்கு.

தூரம் என்று ஒன்றும் இல்லை. காலையில் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர். மத்தியானம் அங்கே ஏறினால் ராத்திரி வந்துவிடலாம். அவசரம் என்றால் நான் கூப்பிடுவேன், மறைக்க மாட்டேன். அம்மாவைப் பற்றி எதுவானாலும் முதலில் உனக்குத்தான் சொல்வேன். இதை நீ நம்ப வேண்டும் பாப்பா. நீ இதை நம்பாததால்தான் அந்த வரியை அழித்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டை அம்மாவிடம் காட்டவில்லை. உடம்புக்கு வந்ததை அவள் தாங்கிக்கொள்வாள். தன்னால் நீ ஆசைப்பட்டதை அழித்தாய் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். பத்தாவது முடித்ததும் அவளுக்குப் படிப்பை நிறுத்தியபோது யார் உடம்பைக் காரணம் சொன்னார்கள் என்று அம்மாச்சியைக் கேள், சொல்வாள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நேற்றுகூட வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள், முழுக்க உன் பேச்சுதான். உனக்கு எழுதப்போவதாகச் சொன்னேன், பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் குழப்பாதே என்றாள். குழப்பியிருந்தால் கணக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் இதை மடித்து வைத்துவிடு.

வருகிற ஞாயிறு அத்தை உன்னைப் பார்க்க வருகிறாள். அதிரசமும் நீ கேட்ட கிராப் பேப்பரும் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை எழுதி அவளிடமே கொடு. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, முதல் மூன்று வரியில் என்னென்ன வைக்கப்போகிறாய் என்பதை மட்டும் எழுது. பென்சிலில் வேண்டாம்.

அப்பா