எங்கள் மகளைத் தேற்றித் தந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் இரண்டாவது குழந்தைக்குப் போன வாரம் பேர் வைத்தோம். வந்திருந்த சொந்தக்காரர்கள் பலரும் "குறைமாசப் பிள்ளைன்னு சொன்னாத்தான் தெரியுது" என்றார்கள். அப்படி அவளைத் தேற்றி எடுத்தது யார் யார் என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

மார்கழிக் குளிரில் பிறந்தாள், 1,800 கிராம் எடையோடு. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்திருந்து, மூச்சு சீராகி, பால் குடிக்கப் பழகிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே கண்விழித்துப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் முதல் நன்றி. பாலக்கோடு பக்கத்தில் உள்ள அம்மா வீட்டு வாசல் வரை 102 வண்டியில் கொண்டுவந்து விட்ட ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. வேகத்தடை வரும்போதெல்லாம் "பிடிச்சுக்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வந்தார்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு செவிலியர் எங்களை உட்காரவைத்து, கங்காரு பராமரிப்பை இன்னொரு முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் குல்லா, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போட்டு, பெரியவரின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து, மூச்சுக்குத் தடையில்லாமல் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மேலே துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கொலம்பியா நாட்டில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் 1970களின் கடைசியில் தொடங்கிய முறை இது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க வைத்திருக்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. ஆபரேஷன் காயத்தோடு அவ்வளவு நேரம் எப்படி என்று நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது அப்பா கேட்டார்: "ஆம்பளைங்க வச்சுக்கலாமா?"

தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் செவிலியர்.

அப்பா, அன்றிலிருந்து காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்ததும் நீங்கள் வெந்நீரில் குளித்து, நகத்தை ஒட்ட வெட்டி, பனியனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அம்மா குழந்தையை உங்கள் நெஞ்சில் வைத்துப் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டுவாள். உங்கள் நெஞ்சு நரைமுடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தூங்குவாள். வலிக்கவில்லையா என்று கேட்டால், "சும்மா இரு, தூங்குறா" என்பீர்கள். தக்காளிப் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம் அது. மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றும் வேலையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டீர்கள். விலை என்ன போயிற்று என்றுகூட நீங்கள் கேட்டு நான் பார்க்கவில்லை. நீங்கள் அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நான் தூங்கினேன்.

அம்மா, எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை உன்னுடையது. எடை ஏறும்வரை குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும், சாம்பிராணிப் புகை கூடாது, சேனை வைக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னபோது உனக்கு மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இத்தனை காலம் கைவந்த ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். நடுராத்திரியில் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை ஒரு சொட்டுச் சிந்தாமல் உதட்டோரமாக ஊற்றுவாய். அவள் விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாய் கொடுப்பாய். அப்புறம் எனக்கும் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ராகிக் கஞ்சி என்று நேரம் தவறாமல் வந்துவிடும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து அத்தையும் மாமாவும் மாறி மாறி வந்தார்கள். மாந்தோப்பில் பூ எடுக்கும் நேரம், மருந்தடிக்க ஆள் கிடைக்காத நேரம். அத்தை, ராத்திரி முறையை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். விடியும்வரை சாய்ந்தபடியே குழந்தையைத் தாங்கிவிட்டு, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் வாசல் தெளிக்கப் போவீர்கள். மாமா, பெரியவனை உங்களோடு கூட்டிப்போய் அங்கன்வாடிக்கு அனுப்பி, தம்பியா தங்கச்சியா என்று கேட்டவனுக்குப் பக்குவமாகச் சொல்லி வைத்தீர்கள். அவன் இன்றுவரை அவளைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை என்றால் அது உங்களால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அதைக் கொன்றுவிடாமல் அரசிடம் ஒப்படைக்கக் கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. பெண் பிறந்தால் என்ன செய்தார்கள் என்பதை என் தலைமுறை கேட்டு வளர்ந்திருக்கிறது. அந்த மண்ணில், பெண் என்று தெரிந்ததும் மாமா கற்கண்டுப் பொட்டலத்தோடு வார்டு வாசலில் நின்று, போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாரம் தவறாமல் வந்து எடை பார்த்த கிராம சுகாதார செவிலியருக்கு நன்றி. தினமும் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி வந்து துணி துவைத்துப்போட்ட என் கணவருக்கும் நன்றி. அப்புறம், பிள்ளை பார்க்க வந்து, தொற்று வந்துவிடக் கூடாது என்று நாங்கள் சொன்னதை ஏற்று வாசலோடு திரும்பிய அத்தனை உறவுகளுக்கும். நம் பக்கம் அது எவ்வளவு பெரிய மனத்தாங்கலாகப் போயிருக்கலாம்! ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

2.5 கிலோ தாண்டியதும் அவளே கட்டுக்குள் இருக்க மாட்டேன் என்று நெளிய ஆரம்பித்தாள். இனி நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இப்போது மூன்று கிலோவைத் தாண்டிவிட்டாள்.

அம்மா, ராத்திரியெல்லாம் எழுந்து நடந்ததில் உன் முட்டிவலி அதிகமாகிவிட்டதை நான் கவனிக்காமல் இல்லை. வருகிற சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். மாட்டைப் பார்க்கணும், தோட்டத்துக்குப் போகணும் என்று எதையும் சொல்லாதே. உன் மருமகன் லீவு போட்டாயிற்று, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
உங்கள் மகள், மருமகள்