சீனி மூட்டையை இறக்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பட்டியில் சீனி கலப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். எல்லாப் பழியையும் பனையேறிகள் தலையில் போட்டிருந்தார் அந்த வாசகர். அவர் ஒருநாளாவது பனங்காட்டுப் பக்கம் வந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். மரத்துக்கும், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்கும் நடக்கவே நேரம் போதாத ஆள், மூட்டை மூட்டையாகச் சீனிக்கு எங்கே போவார்? வியாபாரிதான் விடிலி வாசலில் இறக்கிவிட்டுப் போவான். நானும் பதினோரு வருஷம் இறக்கியிருக்கிறேன்.

உடன்குடிப் பக்கம் எனக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். அப்பா காலத்துக் கடை. நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். கடைப் பலகையில் வசனம் உண்டு. கல்லாவுக்கு மேலே வசனக் காலண்டர் உண்டு. ஜெபம் பண்ணாமல் ஷட்டரைத் தூக்க மாட்டேன். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் தவறாமல் முத்திரை வாங்கிவிடுவேன். கோயிலில் 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று வாசிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு திருப்தி, நம்ம தராசு சரியாக இருக்கிறதே என்று.

தராசு சரிதான். தட்டில் வைத்த சரக்குதான் கோளாறு.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீராவது வேண்டும். அதற்குப் பனையேறி விடியற்காலையில் மரம் மரமாக ஏறி இறங்கி, பாளை சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி வர வேண்டும். அப்புறம் அவர் மனைவி விறகுப் புகையில் நின்று மணிக்கணக்கில் கிண்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். சீனியோ, கடையில் கிலோ நாற்பது சொச்சம். கொதியில் அதைக் கொட்டினால் எடையும் ஏறும், கருப்பட்டி கல்லு மாதிரி கெட்டியாகவும் வரும். நான் மூட்டையை இறக்கிவிட்டு, 'கலப்புக்கு இன்ன விலை' என்று சொல்லிவிட்டு வருவேன். சுத்தமாகக் காய்ச்சித் தந்தாலும் அதே விலைதான் என்றால், எந்தப் பனையேறி சுத்தமாகக் காய்ச்சுவார்?

பதநீர் சீசன் தொடங்குவதும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வருவதும் ஏறக்குறைய ஒரே சமயம். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன் எடுக்க மாட்டோம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நான் சாம்பார்தான். சீனி லோடு மட்டும் நிற்காது. இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு என்று நானாக முடிவு செய்ததும் கிடையாது. யோசித்ததே இல்லை, அவ்வளவுதான்.

ஏழு வருஷத்துக்கு முன், ஸ்தோத்திரப் பண்டிகையன்று உறைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல் எல்லாம் போனபிறகு ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி வந்தது. எனக்குச் சரக்குப் போடும் பனையேறியின் மனைவி கொடுத்தது. கருப்பட்டி வியாபாரி கருப்பட்டியை விட்டுக்கொடுக்கலாமா என்று யாரோ சீண்ட, நானும் வீம்புக்கு ஏற்றிவிட்டு 2,000 ரூபாய்க்கு எடுத்தேன். கைதட்டினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மாள் என்னிடம் வந்து, மெதுவான குரலில் சொன்னார்: "மொதலாளி, அது கோயிலுக்குன்னு தனியாக் காய்ச்சினது. சீனி ஒரு பொட்டு போடல. வீட்டுக்கு வச்சுக்கிடுங்க, கடைச் சரக்கோட சேத்துராதிங்க."

குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. முதலாளி காசு கொடுத்து எடுத்திருக்கிறாரே, வீணாகிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். இத்தனைக்கும் அவர் வீட்டில் இருந்த சீனி நான் இறக்கியது. ஆண்டவருக்கு என்றால் சீனி கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜனங்களுக்கு என்றால் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான். கொட்டானைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சீசனில் சீனி இறக்கவில்லை. இதை ஏதோ சாட்சி சொல்வதுபோல எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஆசீர்வாதம் கொட்டியது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பனையேறிகளுக்கு விலையை ஏற்றிக் கொடுத்தேன். அப்படியும் இரண்டு பேர், சீனியும் முன்பணமும் தந்த வேறொரு வியாபாரியிடம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஐப்பசி மழையில் என் சரக்கு இளகிக் கசிய ஆரம்பித்தது. சுத்தக் கருப்பட்டி ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். மதுரைக் கடைக்காரர் ஒருவர் லோடையே திருப்பி அனுப்பிவிட்டார், கெட்டுப்போன சரக்காம். பளபளப்பும் கெட்டியும்தான் நல்ல கருப்பட்டிக்கு அடையாளம் என்று ஜனங்களுக்குப் பழக்கிவிட்டோமே, யாரை நோக? வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மச்சான் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பணமும் கடையில் இருந்தது.

சபையில் ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஊர் உலகத்தில் நடக்காததா தம்பி? தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறாய், அது போதும்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று எந்தப் பத்திலிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எங்கள் கட்டட நிதிக்கே ஆபத்து வந்துவிடும்.

2023-இல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒற்றை அடுப்பு எரியும் விடிலியில் மட்டும் மாதிரி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எங்கள் குடோன்களுக்கு வர வேண்டும், எந்த மாதத்தில் எத்தனை மூட்டைச் சீனி வாங்கினோம் என்று பில்லைக் கேட்க வேண்டும். கருப்பட்டி வியாபாரிக்குச் சீனியில் என்ன வேலை? என் கடையிலிருந்தே தொடங்கட்டும். பழைய கணக்கு நோட்டுகளை நான் கிழித்துப் போடவில்லை.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அல்ல, பெயரைப் போட்டால் அந்த அம்மாள் யாரென்று ஊரில் தெரிந்துவிடும். அவர் இப்போதும் எங்களுக்குத்தான் காய்ச்சித் தருகிறார். முட்டு வலியால் முன்போல நின்று கிண்ட முடியவில்லை, மருமகள் கிண்டுகிறாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல்கிறார்.

லோடைத் திருப்பி அனுப்பிய மதுரைக்காரர் போன வாரம் போன் செய்தார். "கொஞ்சம் கெட்டியாக வராதா அண்ணாச்சி?" என்றார். மழை நின்று நாலு நாள் வெயில் அடிக்கட்டும், அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கருப்பட்டி வியாபாரி,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.