றங்குப்பெட்டிக்குள் இருக்கிற மறுமொழி

ஸ்காபரோ
கார்த்திகை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் மருந்து வந்து சேர்ந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள். போன கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள்: இந்தக் கனடாச் சனம் எப்படிப்பட்டது, இங்கத்தைய டேகெயரில், அதுதான் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், செய்வதில் உங்கள் முன்பள்ளிக்கு உதவக்கூடியது ஏதும் உண்டா. இரண்டுக்கும் மறுமொழி ஒரு றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. பின்னேரம் பிள்ளைகள் போனபிறகு ஆறுதலாய் இருந்து வாசியுங்கள், கடிதம் கொஞ்சம் நீளம்.

இங்கே பிறந்து வளர்ந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர் முன்னால் "மேலே பார், இன்னும் மேலே" என்று ஆங்கிலத்தில் இழுத்துச் சொன்னால் போதும். வங்கி மனேச்சர் என்றாலும் பஸ் ஓட்டுபவர் என்றாலும் முகம் ஒரு நிமிடம் சின்னப்பிள்ளை முகமாகிவிடும். அது 'ஃப்ரெண்ட்லி ஜயன்ட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியின் தொடக்கம். பொப் ஹோம் என்பவர் கோட்டையில் குடியிருக்கும் நல்ல பூதமாக 1958 முதல் 1985 வரை கனடாவின் பொது ஒளிபரப்பான சி.பி.சி. தொலைக்காட்சியில் வந்தார். தடவைக்கு 15 நிமிடம்தான். 2000ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். இவர்கள் மறக்காத மற்றவர் ஏர்னி கூம்ஸ். 'மிஸ்டர் ட்ரெஸ்அப்' என்றால்தான் சனத்துக்குத் தெரியும். 1967 பெப்ரவரியில் தொடங்கி 1996 வரை 4,000 நிகழ்ச்சிக்கு மேல் செய்தவர். நமக்கு வானொலி மாமா எப்படியோ, இவர்களுக்கு இவர் அப்படி.

கூம்ஸுக்கு 2001 செப்ரெம்பர் 10ஆம் திகதி பாரிசவாதம் வந்தது, 18ஆம் திகதி போய்விட்டார். நடுவில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும். உலகமே நியூயோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த கிழமையில் இந்த மனிதரின் சாவு ஒரு மூலைச் செய்தி அளவுக்குத்தான் இடம்பிடித்திருக்கும். அந்தத் துக்கத்தை இவர்கள் அப்போது முழுதாகக் கொண்டாடி முடிக்கவில்லை, அதனால்தான் அது இன்னும் அங்கங்கே கசிகிறது என்பது என் எண்ணம். 2023இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு ரொறொன்ரோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதே கொடுத்தார்கள்.

இதில் வேடிக்கை, இரண்டு பேருமே அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். ஹோம் விஸ்கொன்சின்காரர், கூம்ஸ் மேய்ன் மாநிலத்தவர். கூம்ஸை அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே கூட்டிவந்தவர் ஃப்ரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சிக்காரர். ரோஜர்ஸ் கொஞ்சக் காலத்தில் திரும்பிப் போய் அங்கே பெரும் புகழ் எடுத்தார், கூம்ஸ் இங்கேயே நின்றுவிட்டார். குடியுரிமை எடுத்தது 1994இல். சுமார் முப்பது வருடம் குடியுரிமை இல்லாமல் இருந்த ஒருவரைத்தான் இந்தச் சனம் தன் வீட்டு மாமாவாக வைத்திருந்தது. கனடாக்காரர் யார் என்று நம்மவர்கள் இங்கே பட்டிமன்றம் வைக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எப்படித் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்றால், மாலை போட்டு விளக்கு வைத்து அல்ல. கையால். உடுப்புப் போட்டு விளையாடும் மூலை இல்லாத டேகெயர் இங்கே அரிது. அதில் கிடக்கும் பெட்டிக்கு வயதானவர்கள் வைக்கும் பெயர் மிஸ்டர் ட்ரெஸ்அப் வேட உடுப்பு எடுக்கும் றங்குப்பெட்டியின் பெயர்தான், தமிழில் சொன்னால் 'கிச்சுக்கிச்சுப் பெட்டி'. ஆனால் கேலி பொறுக்கமாட்டார்கள். 2007இல் ஒரு விருது விழாவில் ஃப்ரெண்ட்லி ஜயன்ட்டின் பொம்மைகளை வைத்து ஒரு நையாண்டி போட, ஹோமின் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்த சேவலையும் ஒட்டகச்சிவிங்கியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். செய்ததில் பிழை இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயம்.

பூதத்தின் வித்தை மிகச் சின்னது. கமரா முதலில் பொம்மைக் கிராமம் ஒன்றின் மேலால் மெல்ல நகரும். வீடு, மரம், வயல், பிறகு திடீரென்று ஒரு பெரிய சப்பாத்து. அங்கிருந்து மேலே, மேலே. பிறகு கோட்டைக்குள் அவருடைய கை மட்டும் வந்து, கணப்புக்கு முன்னால் விரலளவு கதிரைகளை வைக்கும்: ஒருவருக்கு ஒரு சின்னக் கதிரை, இரண்டு பேர் சுருண்டு கிடக்க ஒரு பெரிய கதிரை, ஆடப் பிடித்தவருக்கு நடுவில் ஓர் ஆடுகதிரை. அவ்வளவும் முடிந்த பிறகுதான் கதை. நீங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் கோட்டை. நெருப்புப்பெட்டியை மடித்தால் கதிரை. பெட்டியை 45, 50 சென்ரிமீற்றர் உயர வாங்கில் வையுங்கள், நிலத்தில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளையின் கண் அந்த மட்டத்தில்தான் வரும். பக்கத்தில் பேனை, தேநீர்க் கோப்பை எதுவும் கிடக்கக் கூடாது. கிடந்தால் உங்கள் கை பெரிய கையாகத் தெரியாது, கதிரைதான் சின்னதாகத் தெரியும், வித்தை அதோடு சரி. ஒவ்வொரு கதிரையையும் வைத்துவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அவசரப்பட்டு மூன்றையும் சேர்த்து வைக்கிற ஆசிரியைதான் அதிகம். பிள்ளை 'இது என்ரை கதிரை' என்று தனக்குள் பிடித்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

றங்குப்பெட்டிக்கு வருவோம். நம் வீட்டில் பின்அறையில் கிடக்கும் ஐயாவின் தகரப் பெட்டி தாராளம், ஆனால் அப்படியே வைக்காதீர்கள். கொண்டியையும் பூட்டையும் முழுதாகக் கழற்றுங்கள். பக்கங்களில் கீழும் மேலுமாகப் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள், பெருவிரல் நுழையாத அளவில், விளிம்பை அரத்தால் ராவி. ஒளிந்துபிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே ஏறி மூடிக்கொள்ளும், அதற்காகத்தான். விளிம்பின் முன் மூலைகள் இரண்டிலும் 2 சென்ரிமீற்றர் தடிப்பில் ரப்பர்த் துண்டு ஒட்டினால் மூடி விழுந்தாலும் விரல் நசியாது. பிணைச்சல் தளர்ந்திருந்தால் மூடியையே கழற்றி, ஒரு துணியால் மூடிவிடுவது மேல். துணியில் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் பிள்ளைகள் சிரிக்கத்தான் போகிறார்கள்.

உள்ளே போட அதிகம் வேண்டாம். மிஸ்டர் ட்ரெஸ்அப் மாதிரி ஒருநாளைக்கு ஒரு வேடம்தான். இருபது உடுப்பைக் கொட்டி வைத்தால் பிள்ளைகள் விளையாடமாட்டார்கள், இழுபறிப்படுவார்கள். எட்டுப் பிள்ளைக்கு ஆறு துண்டு போதும்: அத்தானின் பழைய சேர்ட், முழங்கைக்கு மேல் கை வெட்டியது, பழஞ்சீலையில் 70 சென்ரிமீற்றர் கிழித்தெடுத்த சால்வை, ஒரு தொப்பி, ஒரு பை, ஒரு கண்ணாடிச் சட்டம், கண்ணாடி இல்லாமல், தபால்காரர் மாதிரி ஒரு பட்டி. கழுத்தில் கட்டுகிற நாடா கூடவே கூடாது. சால்வைக்கு 4 சென்ரிமீற்றர் வெல்க்ரோ தையுங்கள். யாரும் பின்னால் இழுத்தால் அது கழன்றுவிடும், நாடா இறுகும்.

தொப்பியில் வரும் கரைச்சல் பேன். இங்கே ஒரு பிள்ளையின் தலையில் கண்டால் தொப்பி, துணி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு கிழமை ஒதுக்கிவிடுவார்கள். அதிலும் நல்ல வழி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் காகித முடி. அந்த வயதில் தலைச்சுற்று 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், ஒட்டுவதற்கு 5 விட்டு 55 நீளத்தில் 8 அகலத்தில் மட்டை வெட்டுங்கள். பிள்ளையின் தலையில் சுற்றிப் பார்த்து அடையாளம் போட்ட பிறகு ஒட்டுங்கள், முதலில் ஒட்டிவிட்டுத் தலையில் போடப் பார்த்தால் கண்ணுக்கு வந்து நிற்கும். ஸ்டேப்ளர் அடித்தால் கம்பியின் கூர் வெளிப்பக்கம் இருக்கவேண்டும், மேலே ரேப் ஒட்டவேண்டும்.

மிஸ்டர் ட்ரெஸ்அப்புக்கு இரண்டு துணை. கேசி என்ற பிள்ளை, ஃபினிகன் என்ற நாய். இரண்டையும் இரண்டு கையில் ஆட்டியவர் ஜூடித் லோரன்ஸ் என்ற ஒரே பெண், அவரும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். கேசி ஆணா பெண்ணா என்று சொல்லவே இல்லை. ஃபினிகன் வாய் திறந்து கதைக்காது, கேசியின் காதில் குசுகுசுக்கும், கேசி எடுத்துச் சொல்லும். எனக்கு இந்த நாயில்தான் விருப்பம். ஆங்கிலம் தெரியாமல் புதிதாக வந்து மூலையில் நிற்கும் பிள்ளை, ஆசிரியையின் முகத்தைப் பாராது; கதைக்காத நாயின் காதில் மட்டும் ஏதோ சொல்லும். தமிழில் சொன்னாலும் நாய்க்கு விளங்கும். உங்களிடம் வரும் கூச்சக்காரப் பிள்ளைக்கும் இதுவே மருந்து.

அப்படி ஒரு பொம்மைக்குப் பெரியாள் சொக்ஸ் ஒன்று, இரண்டு தெறி போதும். வாய் வைக்கத் தேவையில்லை. கண்ணை மூக்குக்கு மிகக் கிட்டவாக, ஒன்றுக்கொன்று நெருக்கித் தையுங்கள். விலக்கித் தைத்தால் ஒரு பக்கமும் பாராத மாட்டுப் பார்வை வரும். கையில் போட்டபின் மணிக்கட்டைக் கீழே சரியுங்கள், இல்லாவிட்டால் பொம்மை முகட்டைப் பார்க்கும். எல்லோரும் விடுகிற பிழை இது. பொம்மை ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்க்கவேண்டும், நீங்கள் பொம்மையைப் பார்க்கவேண்டும். நீங்கள் பிள்ளையைப் பார்த்தால் பிள்ளையும் உங்களைத்தான் பார்க்கும். இரண்டு பொம்மை என்றால் கதைப்பது மட்டும் அசையட்டும், கேட்பது அசையாமல் இருக்கட்டும். இரண்டும் ஆடினால் எது கதைக்கிறது என்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்து பொம்மை சேற்றில் தாழ்கிற மாதிரி இறங்கும், முழங்கையை மேசையில் ஊன்றுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: ஹோமும் கூம்ஸும் குரலை உயர்த்தியதில்லை. பிள்ளை மறுமொழி சொல்ல நேரம் விட்டுக் கதைத்தார்கள், தொலைக்காட்சிக்கு அந்தப்பக்கம் சொல்லும் மறுமொழி தங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும். இங்கத்தைய சனம் 'போய்விட்டார்' என்று அழுவது அந்த இடைவெளியை நினைத்துத்தான்.

அந்தப் பொறுமை பனிக்காலத்தில் தினம் வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவில் இரண்டரை வயதுக்கு மேல் 8 பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது சட்டம். எட்டுப் பேருக்கும் பனியுடுப்புப் போட்டு வெளியே இறக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். முதலில் பனிக் காற்சட்டை, பிறகு சப்பாத்து, பிறகு கழுத்துத்துணி, கோட், தொப்பி. கையுறை கடைசி, முதலில் போட்டால் சிப்பை இழுக்க முடியாது. பிள்ளைகள் தாங்களே கோட் போட ஒரு வழி உண்டு. கோட்டை உட்பக்கம் மேலாக, தொப்பிப் பக்கம் பிள்ளையின் கால்விரலைத் தொடும்படி நிலத்தில் விரிப்பார்கள். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் கோட்டின் கைகளுக்குள் விட்டு, தலைக்கு மேலால் அப்படியே எறியும். கோட் முதுகில் வந்து விழும். சிரிப்பு அடங்க இன்னும் இரண்டு நிமிடம். அத்தானின் சேர்ட்டில் பழக்கிப் பாருங்கள், பொத்தி வளர்த்த பிள்ளைகூட இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும்.

பார்சலில் 2 மீற்றர் வெல்க்ரோவும் 24 மார்க்கரும் போட்டிருக்கிறேன். பெரியவர்களுக்குச் சொன்ன புத்திமதியாக மிஸ்டர் ட்ரெஸ்அப்பின் பேச்சொன்றை இங்கே அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், அதில் மார்க்கர் மூடியை மறக்காமல் மூடச் சொல்வதும் ஒன்று. யாழ்ப்பாண வெயிலில் திறந்து கிடந்தால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். 'டிக்' என்று சத்தம் கேட்குமட்டும் அழுத்தச் சொல்லுங்கள். காய்ந்தாலும் எறியவேண்டாம், இது தண்ணீர் மை. முனையைச் சுடுநீரில் ஐந்து விநாடி வைத்து எடுத்து, மூடிப் படுக்கப்போட்டால் அடுத்தநாள் எழுதும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி